குன்னூர் பையனும் ஓபரா மேடையும்: ஒரு பாஸ் குரலின் நிகழ்வு ஆய்வு

ஓபராவில் பாஸ், அதாவது ஆண் குரல்களிலேயே மிகத் தாழ்ந்த குரல், உள்ளவர்களுக்கு வரும் வேடங்களைப் பார்த்தாலே அந்தத் தொழிலின் கணக்கு பிடிபட்டுவிடும். ராஜா, பூசாரி, வயதான அப்பா, சாத்தான், கூலிக்குக் கொலை செய்பவன். காதலன் வேடம் உயர்ந்த ஆண் குரலான டெனாருக்குப் போய்விடும், காதலியும் அவனோடு போய்விடுவாள். வெர்தியின் ‘டான் கார்லோ’வில் ஸ்பெயின் மன்னர் பிலிப் விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து, மனைவி தன்னை ஒருநாளும் நேசித்ததில்லை என்று பாடும் இடம் ஒன்று உண்டு. இருபது வயதுப் பையன் அதைப் பாடினால் யார் நம்புவார்கள்? குரலும் அதே கணக்குதான். பாஸ் குரல் பொதுவாக முப்பதைத் தாண்டித்தான் கனியும், நாற்பதுகளில் நன்றாக நிற்கும், அறுபதுக்குப் பிறகும் வேலை தரும்.

இந்த ஆய்வில் வரும் இளைஞனுக்கும் அதுதான் சிக்கல். பதினெட்டு வயதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்ட குரல், முப்பதில்தான் விலை போகும். நடுவில் உள்ள பன்னிரண்டு வருஷத்தை எங்கே, யார் காசில், எதைக் கற்றுக்கொண்டு கழிப்பது? திறமை இருக்கிறதா இல்லையா என்பதைவிட இந்தக் கேள்விதான் எங்களை அதிகம் படுத்தியது. அவனும் வீட்டாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை லேசாக மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட். சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பிரிவில் வேலை. அம்மா கொழுந்து பறிக்கப் போவார். பையன் பதினைந்து வயதில் சர்ச் கொயரில் பாஸ் வரிசைக்கு வந்தான். எங்கள் பக்கத்துப் பழைய கொயர்களில் பலரும் சால்ஃபாவில்தான் படிப்பார்கள். டோ, ரே, மீ எழுத்துகளைக் கட்டம் கட்டி எழுதிய தாள். அவனும் அதில் கெட்டிக்காரன். பாமாலையில் எந்தப் பாட்டைத் திறந்தாலும் பாஸ் வரியைச் சட்டென்று எடுத்துவிடுவான். ஐந்து கோடு போட்ட ஸ்டாஃப் நொட்டேஷனைக் காட்டினால் முழிப்பான்.

நான் குன்னூரில் பியானோவும் குரல் பயிற்சியும் சொல்லித் தருகிறேன். 2016 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவன் ஒரு போனை எடுத்துக்கொண்டு வந்தான். மொஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழ’லில் சரஸ்த்ரோ பாடும் பிரார்த்தனை, பாடியவர் குர்ட் மோல். கடைசியில் குரல் கீழே இறங்கி நிற்கும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினான். “மிஸ், இந்த நோட்டு எனக்கும் வருது. இதுக்கும் கீழயே வருது.”

வந்தது என்பது உண்மைதான். பியானோவில் கீழ் சி வரை, அதாவது சுமார் 65 ஹெர்ட்ஸ், உறுமிக்கொண்டே இறங்கினான். சரஸ்த்ரோவுக்கு வேண்டியதோ எஃப், 87 ஹெர்ட்ஸ்தான். கொயர் பையன்கள் அதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். யாரோ ஒரு பெரியவர் “நம்ம எம்.டி. ராமநாதன் மாதிரி” என்று சொல்லிவிட, அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

குரலை அளந்தது

அந்த வாரம் முழுவதும் கேரல் ரவுண்ட்ஸ். விடிய விடியப் பனியில் நின்று பாடியிருந்தான், தூக்கம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் குரல்நாண்கள் வீங்கிக் கனத்திருக்கும், அதிர்வு தானாகவே குறையும். சளி பிடித்த காலையில் யாருக்கும் அடித்தொண்டை கிடைப்பது இதனால்தான். அந்தக் குரலை நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

ஜனவரி கடைசியில், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாள், பிற்பகலில் வரச் சொன்னேன். பியானோவையும் நம்பவில்லை. மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஈரத்தில் சவுண்ட்போர்டு உப்பிச் சுருதி ஏறும். ஜனவரி உறைபனியில் காற்று வறண்டதும் இறங்கும். உள்ளே சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டுப் பார்த்தும் அது அடங்குவதில்லை. அன்றைக்குக் கால் சுரம் போல இறங்கியிருந்தது. அதனால் போனில் ட்யூனர் ஆப் வைத்து அளந்தோம்.

அன்று கிடைத்தது வேறு படம். எஃப் வரை குரல் நிம்மதியாக நின்றது. அதற்குக் கீழே ஈ, 82 ஹெர்ட்ஸ், வந்தது. ஆனால் அறையின் மறுகோடியில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. டி வெறும் காற்று. கீழ் சி-யைக் காணவே காணோம். பையனின் முகம் தொங்கிவிட்டது.

எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு குரல் பாஸா, பாஸுக்கும் டெனாருக்கும் நடுவில் நிற்கும் பாரிட்டோனா என்பதைக் கடைசி நோட்டு சொல்லாது. மேலே ஏறும்போது குரல் எந்த இடத்தில் தானாகத் திரும்ப, அதாவது தன் தன்மையை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது, எந்தப் பகுதியில் அரைமணி நேரம் களைக்காமல் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் சொல்லும். நடு சி-யைத் தாண்டிச் சி ஷார்ப், டி பக்கம் போனதும் அவன் குரல் திரும்பப் பார்த்தது. லேசான பாரிட்டோனாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று அரைச் சுரம் தாண்டித்தான் அது நடக்கும். அதற்கு மேலே உள்ள ஈ-யில் அவன் பாடவில்லை, கத்தினான். அது பயிற்சியில் சரியாகக்கூடியது. ஆக, நிஜமான பாஸ்தான். ஆனால் ரஷ்யக் கோவில்களில் தரையைத் தொடும் ரகம் அல்ல. பாடும் தன்மையுள்ள, கொஞ்சம் இளகிய பாஸ்.

எம்.டி.ஆர். ஒப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடும் கச்சேரி உலகில், அதைவிட வெகுவாகத் தாழ்ந்த சுருதியில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் பாடி நிலைத்தவர் அவர். அந்த நிதானம் இவனுக்கு நல்ல பாடம். ஆனால் அவருக்கு முன்னால் மைக் இருந்தது. ஓபரா பாடகனுக்கு இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 இருக்கைகள்; மேடைக்கும் அவற்றுக்கும் நடுவே பள்ளத்தில் எழுபது எண்பது வாத்தியங்கள். அத்தனையையும் தாண்டிக் கடைசி வரிசைக்கு வெறும் தொண்டை கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்கிறது என்பதை ஸ்வீடனின் யோஹான் சுண்ட்பெர்க் போன்ற ஒலியியலாளர்கள் 1970-களில் விளக்கினார்கள். இசைக்குழுவின் சத்தம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சத்தில் இருக்கும், மேலே போகப் போகக் குறையும். பயின்ற ஆண் பாடகர் குரல்வளைக்கு மேலே உள்ள குழாயை ஒரு வகையில் அமைத்துக்கொள்ளும்போது 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒலி குவிகிறது. வாத்தியங்கள் அங்கே பலவீனம், காதும் அங்கேதான் கூர்மை. பாஸ் பாடகருக்கு அந்தக் குவியல் டெனாரைவிடச் சற்றுக் கீழே விழும். ஆகவே பாஸ் குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோவது அதன் அடிப்பகுதி இல்லை, அதில் கலந்திருக்கும் உலோகம் போன்ற மினுக்கு. கீழ் நோட்டைத் தேடித் தொண்டையைக் கனமாக்கிக்கொள்ளும் பையன்கள் அந்த மினுக்கை அவர்களே மூடிவிடுகிறார்கள். கொயரில் நான்கு வருஷம் பாடியவனுக்கு இன்னொரு தடையும் இருந்தது. நல்ல கொயர் பாடகன் பக்கத்தில் நிற்பவனோடு கரைந்துபோகக் கற்றவன். ஓபராவில் கரைந்தால் சம்பளம் இல்லை.

இதற்காக முதல் ஆறு மாதம் அவனைக் கீழ் நோட்டு பக்கமே விடவில்லை. நடுப்பகுதியில் ‘ஈ’, ‘ஏ’ உயிர்களை வைத்துத்தான் பயிற்சி. தமிழ்ப் பையனுக்கு இத்தாலிய மொழியில் ஒரு வசதி உண்டு. குறில் நெடில் கலப்படமில்லாமல் வரும், இரட்டை மெய்யை அழுத்திச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டாம். ஜெர்மனில்தான் மாட்டிக்கொண்டான். சொல்லின் முதலில் வரும் ‘ப’வும் அதன் கனத்த ஒலியும் அவனுக்கு ஒன்றாகவே விழுந்தன. இதழைக் குவித்து நாக்கை முன்னே வைக்கும் அந்த உயிரெழுத்துகள் வர ஒரு வருஷம் ஆனது.

மலைக்காற்றில் பாடிப் பழகினால் மூச்சு கூடுமா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பாட்டுக்கு முக்கியம் வெளியே விடும் காற்றை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறோம் என்பது. அதை மேட்டுப்பாளையத்திலும் கற்கலாம். மலை நிஜமாகக் கொடுப்பது ஜனவரி வறட்சித் தொண்டைதான். அதற்குத் தண்ணீரும் ஆவி பிடிப்பதும் போதும்.

மற்றவர்கள் எப்படிப் போனார்கள்

முடிவெடுக்கும் முன் நானும் அவனும் உட்கார்ந்து பெரிய பாஸ் பாடகர்களின் வழித்தடத்தைப் பார்த்தோம். அவர்களின் புகழை அல்ல. எத்தனை வயதில் எந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும்.

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஃபியோதர் ஷல்யாபின். 1873-ல் ரஷ்யாவின் கஸான் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், சின்ன வயதில் செருப்புத் தொழிலுக்குக்கூட விடப்பட்டவர். டிஃப்லிஸில் உசாத்தவ் என்ற ஓய்வுபெற்ற டெனார் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். 1901-ல் மிலானின் லா ஸ்காலாவில் ‘மெஃபிஸ்டோஃபெலே’. நடத்தியவர் தொஸ்கானினி, கூடப் பாடியவர் கரூசோ. அப்போது இவருக்கு வயது இருபத்தெட்டுதான். பையனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது அடுத்த பகுதி. அதே மனிதர் 1907-ல் நியூயார்க் போனபோது விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். மனம் கசந்து திரும்பியவர் அந்த மேடைக்கு மறுபடி வந்தது 1921-ல். பதினான்கு வருஷம்! சர்வதேசத் தொழில் என்றால் ஒரு ஊரில் கிடைத்த கைதட்டல் அடுத்த ஊரில் செல்லாது என்பதும் சேர்த்துத்தான். (1936-ல் ஜப்பான் போனபோது பல்வலியால் மெல்ல முடியாமல் தவித்தவருக்காக டோக்கியோ ஹோட்டல் ஒன்றில் வெங்காயத்தில் ஊறவைத்து மெதுவாக்கிய இறைச்சி செய்து கொடுத்தார்களாம். அந்தப் பதார்த்தம் இன்றும் அவர் பெயரில் விற்கிறது. பாட்டைவிட அது பரவலாகத் தெரிந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.)

அப்புறம் போரிஸ் கிறிஸ்டாஃப். பல்கேரியாக்காரர், சட்டம் படித்தவர், கொயரில் பாடியவர். அவருடைய குரலைக் கேட்ட மன்னர் மூன்றாம் போரிஸ் இத்தாலியில் பயில உதவித்தொகை கொடுத்தார். 1950 நவம்பர் 6, மெட்ரோபாலிட்டனில் புதிய நிர்வாகி ருடால்ஃப் பிங்கின் முதல் பருவம் ‘டான் கார்லோ’வுடன் தொடங்க இருந்தது. பிலிப் மன்னராகக் கிறிஸ்டாஃப்தான் பாட வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் தொடர்பைக் காரணம் காட்டி ஆட்களைத் தடுக்கும் மெக்காரன் சட்டம் வந்திருந்தது. பல்கேரியக் கடவுச்சீட்டு. விசா கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக இத்தாலியிலிருந்து வந்தவர் சேசரே சியேபி, வயது இருபத்தேழு. சியேபி அந்த மேடையிலேயே 1973 வரை முன்னணி பாஸாக நின்றார். கிறிஸ்டாஃப் 1956-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பாடினார், ஐரோப்பாவில் பெரும்பேர் எடுத்தார், மெட்ரோபாலிட்டனில் மட்டும் கடைசி வரை பாடவே இல்லை.

இந்தக் கதையை நான் இரண்டு காரணத்துக்காக அவனிடம் சொன்னேன். ஒன்று, நம் ஊர்க் கடவுச்சீட்டுக்காரனுக்கு விசாவும் தொண்டையின் ஒரு பாகம். இரண்டு, சியேபி அந்த வேடத்தைத் தயாராக வைத்திருந்தார் என்பது. அவர் 1941-லேயே, பதினெட்டு வயதில், ‘ரிகொலெட்டோ’வில் கூலிக்கொலைகாரனாக மேடை ஏறியவர். இருபத்தேழு வயதில் அவருக்கு ஒன்பது வருஷ அனுபவம்.

எனக்குச் சொந்தமாகப் பிடித்தது குர்ட் மோலின் பாதை. அவனுடைய போனில் பாடியவரே அவர்தான். 1938-ல் கொலோன் பக்கம் பிறந்தார், முதலில் செல்லோ வாத்தியக்காரராக விரும்பினார். இருபதை ஒட்டிய வயதில் கொலோன் ஓபராவில் சின்னச் சின்ன வேடங்கள். பிறகு ஆஹன், மைன்ஸ், வுப்பர்டால் என்று நடுத்தர ஊர்களின் நாடகசாலைகள். ஹாம்பர்க் போன்ற பெரிய அரங்கின் ஒப்பந்தம் வந்தது முப்பதைத் தாண்டி. மெட்ரோபாலிட்டனில் முதல் தடவை பாடியது 1978-ல், நாற்பது வயதில். 2006-ல் மியூனிக்கில் விடைபெற்றபோது பாடிய வேடம் வாக்னரின் ‘மைஸ்டர்ஸிங்க’ரில் இரவுக் காவல்காரன், சில நிமிஷமே வரும் பாத்திரம். உலகத்தின் மிகச் சிறந்த பாஸ் குரல்களில் ஒன்று, ஆரம்பித்ததும் சின்ன வேடம், முடித்ததும் சின்ன வேடம். இடையில் இருந்த ஆஹனும் வுப்பர்டாலும்தான் நான் அவனுக்குக் காட்ட விரும்பிய இடங்கள். விளம்பரத்தில் வராத ஊர்கள்.

ஆசியாவிலிருந்து போனவர் என்றால் கொரியாவின் க்வாங்சுல் யூன். 1966-ல் பிறந்தவர், சோஃபியாவிலும் பெர்லினிலும் மேற்படிப்பு, 1993-ல் ப்ளாசிடோ டொமிங்கோ தொடங்கிய ஓபராலியா போட்டியில் பரிசு, 1994 முதல் பத்து வருஷம் பெர்லின் ஸ்டாட்ஸ் ஓபராவில் மாதச் சம்பளத்தில் குழுப் பாடகர். வாக்னர் கட்டிய பாய்ராய்ட் அரங்கில் 1996-ல் அறிமுகம். அங்கே ‘பார்சிஃபா’லின் பெரிய பாஸ் வேடமான குர்னமான்ஸைப் புதிய தயாரிப்பில் பாடியது 2008-ல். ஃபின்லாந்தின் மார்ட்டி தல்வேலா முதலில் குத்துச்சண்டையும் பள்ளி ஆசிரியர் வேலையும் பார்த்தவர் என்றதும் பையன் கொஞ்சம் தெம்பானான். வேறு வேலை பார்த்துவிட்டுக்கூடப் போகலாம் என்பது அவனுக்கு வேண்டியிருந்த செய்தி.

வழி எது

அப்பா ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்துவிட்டார். சட்டையில் தேயிலைத் தூள் வாசனை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். “டீச்சர், இவன் குரலை வச்சு சோறு திங்க முடியுமா? அதை மட்டும் சொல்லுங்க.”

முடியும், ஆனால் பத்து வருஷம் கழித்து, அதுவும் பெரும்பாலும் ஜெர்மன் பேசும் நாடுகளில் என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கிலாந்தின் நல்ல இசைக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் கட்டணம். அந்தப் பேச்சே எடுக்கவில்லை. ஜெர்மனியில் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். அதைவிட முக்கியம், அந்த நாட்டில் அரசு, நகராட்சிப் பணத்தில் ஓடும் ஓபரா அரங்குகள் எண்பதுக்கு மேல். ஒவ்வொன்றும் நிரந்தரக் குழு வைத்திருக்கிறது, மாதச் சம்பளம், காப்பீடு எல்லாம் உண்டு. கொயரும் அப்படித்தான், முழுநேர வேலை. தாழ்ந்த பாஸ் குரல்கள் கொயரில் எப்போதும் தேவைப்படும். தனிப் பாடகனாக வர முடியாவிட்டால் கொயர் வேலை தோல்வி என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணமே பிடிக்காது. வாரத்துக்கு மூன்று ஓபரா பாடி வீட்டு வாடகை கட்டும் மனிதனைத் தோற்றவன் என்று எந்தக் கணக்கில் சொல்வது?

உடனே போக வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பதினெட்டு வயதில், அதே வயதுள்ள டெனார்களோடும், உயர்ந்த பெண் குரலான சோப்ரானோக்களோடும் போட்டி போட்டால், குரல் முதிராத பாஸ் வெறுமனே பாதி வெந்தவனாகத்தான் தெரிவான். இங்கேயே பி.காம். முடிக்கட்டும், நொட்டேஷன், பியானோ, ஜெர்மன் மூன்றையும் பிடிக்கட்டும். வேலைக்கும் போகட்டும். நடுவில் பெருநகரத்தில் ஒருவர், பணம் கட்டினால் ஐரோப்பிய மேடையில் பாட வைப்பதாகச் சொல்லி ஆசை காட்டினார். பாடகனுக்குத்தான் காசு கொடுப்பார்கள், பாடகன் காசு கொடுத்துப் பாடக் கூடாது என்று அப்பாவே அதை வெட்டிவிட்டார்.

நடந்தது

2019-ல் பட்டம். ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியில் கணக்குப் பிரிவில் வேலை. ஜெர்மன் வகுப்புக்காகச் சனிக்கிழமை தோறும் பர்லியாறு வளைவுகளில் இறங்கிக் கோயம்புத்தூர். 2020-ல் எல்லாம் அடைந்தபோது வகுப்பு ஆன்லைனுக்குப் போனது, எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் போய் உட்கார்ந்து படித்தான். குரலுக்கு அந்த இரண்டு வருஷமும் நல்லதே செய்தது. யாரும் எதுவும் கேட்காத காலம், அவசரப்பட்டு எதையும் பாடிக் காட்ட வேண்டியதில்லை.

நுழைவுத் தேர்வுக்குப் பாடல் பட்டியல் போடுவதில்தான் எங்களுக்குள் சண்டை. சரஸ்த்ரோவைப் பாடியே தீருவேன் என்றான். அதை நடுவர்கள் வருஷம் முழுக்கக் கேட்டிருப்பார்கள், அதன் கீழ் எஃப் மட்டும் வந்தால் போதாது, அதற்கு முன்னால் உள்ள நீண்ட வரிகள் அசையாமல் நிற்க வேண்டும். கடைசியில் பழைய இத்தாலியப் பாட்டு ஒன்று, ஷூபர்ட்டின் ஒன்று, ‘லா போஹீ’மில் கொல்லின் தன் கோட்டை அடகுக் கடைக்கு அனுப்பும் முன் அதனிடம் விடைபெறும் பாட்டு. இந்தக் கடைசிப் பாட்டு இரண்டே நிமிஷம். பெரிய உச்சமும் இல்லை, பாதாளமும் இல்லை. பழைய கோட்டுக்கு வணக்கம் சொல்லும் ஒரு ஏழையின் நிதானம் மட்டும் வேண்டும். அது அவனிடம் கற்றுக்கொடுக்காமலே இருந்தது.

முதல் வருஷம் ஒளிப்பதிவுச் சுற்றைத் தாண்டி, நேர்முகத்தில் விழுந்தான். பாட்டில் இல்லை, காதுப் பயிற்சித் தேர்வில். நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்களைக் கேட்டு ஸ்டாஃபில் எழுத வேண்டும். அவனுக்கு மனசில் சால்ஃபாவாக விழுந்ததைக் கோட்டில் மாற்றுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. காது சரி, கைதான் தாமதம். ஒரு வருஷம் தினமும் அதையே செய்தான். 2023-ல் வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தது.

அதன் பிறகு காகிதம். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஜெர்மன் விசாவுக்கு முன், படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆகியிருந்தது. அதற்கே மாதக்கணக்கில் காத்திருப்பு. மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ஒரு வருஷச் செலவைக் கட்டிக் காட்ட வேண்டும். அவன் போன ஆண்டில் 11,208 யூரோ, 2024 செப்டம்பரில் அது 11,904 ஆனது. நம் காசில் பத்து லட்சத்தைத் தொடும். வங்கியில் கல்விக்கடன் கேட்டபோது அதிகாரி படிப்பின் பெயரை இரண்டு தரம் படித்துவிட்டு, “பாட்டா?” என்றார். ஜெர்மன் அரசு அரங்குகளின் சம்பள முறையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு பாதித் தொகை வந்தது. மீதி அவன் சேமிப்பு, அப்பாவின் பி.எஃப்., சர்ச் மக்கள் தந்தது.

இப்போது

படிப்பில் பாதி தாண்டியாகிவிட்டது. வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழுநாள் வரை வேலை செய்யலாம் என்று 2024-ல் விதி தளர்ந்தது. அவன் ஞாயிறுகளில் ஒரு தேவாலயத்தில் கூலி பாஸாகப் பாடுகிறான். குன்னூரில் சும்மா செய்ததற்கு அங்கே காசு என்று அம்மாவுக்கு இன்னும் ஆச்சரியம். உள்ளூர் அரங்கின் கூடுதல் கொயரில் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். மேல் ஈ இப்போது கத்தல் இல்லை, எஃப் வரை வட்டமாகப் போகிறது. கீழே ஈ அறையின் மறுகோடிக்குக் கேட்கிறது. டி இன்னும் காற்றுதான், அவன் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டான்.

எங்களுக்குள் இப்போது இருக்கும் விவாதம் வேறு. ஜெர்மன் அரங்குகள் பாஸ் பாடகர்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும்: ராஜாவும் பூசாரியும் பாடும் கனத்த பாஸ் ஒரு பக்கம், சிரிப்பு வேடங்களைச் சட்டுச்சட்டென்று பாடி நடிக்கும் பாஸ் இன்னொரு பக்கம். அங்குள்ள பேராசிரியர் அவனை இரண்டாவது பெட்டிக்குத் தள்ளுகிறார். ‘செவில் நாவித’னில் பார்த்தோலோ, ‘டான் ஜொவான்னி’யில் லெப்போரெல்லோ. வேலை சீக்கிரம் கிடைக்கும், இளவயதிலேயே பாடலாம், நாக்கும் சுறுசுறுப்பு. நியாயமான காரணங்கள். அவன் குரல் நாற்பதில் போய் நிற்கும் இடம் முதல் பெட்டி என்பது என் எண்ணம். சாய்கோவ்ஸ்கியின் ‘ஒனேகி’னில் கிரேமின் இளவரசர் கடைசி அங்கத்தில்தான் வருவார், ஒரே ஒரு பாட்டு, வயதான காலத்தில் வந்த காதலைப் பற்றி. அதை அவன் இருபத்தெட்டில் பாடத் தேவையில்லை, ஆனால் லெப்போரெல்லோவிலேயே பத்து வருஷம் ஓடிவிட்டால் அந்த நீண்ட மூச்சு வருமா? பேராசிரியர் வரும் என்கிறார், லெப்போரெல்லோ பாடியே கனத்த வேடத்துக்குப் போனவர்களைச் சொல்கிறார்.

முடிவெடுக்க நாள் குறைவாகத்தான் இருக்கிறது. குழு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றால் அரங்குகள் பாடகருக்குப் பொதுவாக அக்டோபர் 31-க்குள் சொல்லிவிட வேண்டும். ஆகவே எங்கே பாஸ் இடம் காலி என்பது நவம்பரில் தெரியவரும், குரல் தேர்வுகள் குளிர்காலம் முழுக்க ஓடும். படிப்பு முடிந்தால் வேலை தேட அவனுக்கு விசாவில் 18 மாதம். அதற்குள் எந்தப் பெட்டியின் பாடல்களோடு போய் நிற்பது என்று தீர்மானித்தாக வேண்டும். போன வாரம் அழைத்தபோது இரண்டு பட்டியலும் தயார் என்றான். முதலில் கூப்பிடும் அரங்கு எதைக் கேட்கிறதோ அதைப் பாடுவானாம். பேராசிரியருக்கு அதில் சம்மதம், எனக்குப் பாதிச் சம்மதம்.